அப்பீல் போட்டால் மட்டும் டிக்ரி நிற்காது: நிறைவேற்றத்துக்குத் தடை வாங்குவது எப்படி

அப்பீல் போட்டாயிற்று, இனி அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்) வரமாட்டார் என்று நினைத்து இருந்துவிடுவதுதான் சிவில் வழக்கில் தோற்றவர்கள் செய்யும் முதல் தவறு. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, கட்டளை 41 விதி 5 இதைத் தெளிவாகவே சொல்கிறது: மேல்முறையீடு தாக்கலான ஒரே காரணத்தால் டிக்ரியின் (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் கோர்ட் ஆணை) நிறைவேற்றம் நிற்காது. தடை வேண்டுமென்றால் அதற்கெனத் தனி மனு போட்டு, தனி உத்தரவு வாங்க வேண்டும்.

தீர்ப்பு சொன்ன அன்றோ மறுநாளோ தீர்ப்பு, டிக்ரியின் நகல் கேட்டு மனு போட்டுவிடுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் அப்பீலுக்கு 90 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள். சான்றிட்ட நகல் வாங்கப் பிடிக்கும் நாட்கள் இதில் கழியும். ஆனால் நீங்கள் நகல் மனு போடுவதற்கு முன் டிக்ரி தயாரிக்கக் கோர்ட் எடுத்துக்கொண்ட நாட்கள் கழியாது. ‘டிக்ரி இன்னும் எழுதி முடியவில்லையே’ என்று காத்திருந்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

கெடு தாண்டினால் இழப்பு பெரிது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு அப்பீல் போக வேண்டும். அதே கட்டளை 41-இன் விதி 3அ-வின்படி, அப்பீலை விசாரணைக்கு எடுத்துக்கொள்வதாக மேல் கோர்ட் முடிவு செய்யும்வரை தடை தர முடியாது. அந்த இடைவெளியில் எதிர்த்தரப்பு நிறைவேற்று மனுவை நகர்த்திக்கொண்டே இருக்கும்.

அப்பீல் கட்டு தயாராகும் முன்பே ஆபத்து வந்துவிடும் என்றால் வேறு வழியும் உண்டு. அப்பீல் கெடு முடிவதற்குள், டிக்ரி கொடுத்த கோர்ட்டிலேயே விதி 5(2)-இன் கீழ் தடை கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. மேல் கோர்ட்டுக்குப் போகும்வரை மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

தடை மனுவை அப்பீலோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். பிரமாண வாக்குமூலத்தில் விதி 5(3) கேட்கும் மூன்றும் இருக்க வேண்டும்: தடை இல்லாவிட்டால் கணிசமான நட்டம் வரும், மனு காலதாமதமின்றிப் போடப்பட்டது, டிக்ரியை நிறைவேற்றப் பிணையம் தரத் தயார். ‘ஈடுசெய்ய முடியாத நட்டம்’ என்ற ஒற்றை வரியை நீதிபதிகள் தினமும் படிக்கிறார்கள், அதனால் பயனில்லை. குடியிருக்கும் ஒரே வீடு, இடித்துவிட்டால் அப்பீலில் ஜெயித்தும் பயனில்லை, சுவாதீனம் (சொத்தின் அனுபவ உரிமை) எதிர்த்தரப்புக்குக் கிடைத்தால் மூன்றாம் நபருக்கு விற்க ஏற்பாடு நடக்கிறது என்று விவரமாக எழுதுங்கள். நிறைவேற்று மனுவின் எண், அது இப்போது இருக்கும் கட்டம், அடுத்த வாய்தா தேதி ஆகியவற்றையும் சேருங்கள். அவசரம் அதிலிருந்துதான் புரியும். எதிர்த்தரப்பு கேவியட் (தங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன் மனு) போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் அவர்களுக்கு அறிவிப்பு தராமல் இடைக்காலத் தடை கிடைப்பது கடினம்.

பண டிக்ரி என்றால் கணக்கு வேறு. தகராறில் உள்ள தொகையைக் கட்ட வேண்டும் அல்லது பிணையம் தர வேண்டும். தவறினால் தடை கிடையாது என்று விதி 1(3), 5(5) சொல்கின்றன. விதிவிலக்கு மிக அரிது. பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பதால் ‘நட்டம்’ என்ற வாதமும் இங்கே பலவீனம்தான். ஆகவே எவ்வளவு கட்ட முடியும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போவது புத்திசாலித்தனம். சொத்தைப் பிணையமாகக் காட்டுவதானால் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, மதிப்புச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும். ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் சொத்து நிற்காது. இன்னொருவர் பெயரில் இருந்தால் அவரே வந்து பத்திரம் எழுதித் தர வேண்டும்.

வாடகைதாரரைக் காலி செய்யச் சொன்ன டிக்ரிக்குத் தடை கேட்டால், பழைய வாடகையே தொடரும் என்று எண்ண வேண்டாம். சந்தை வாடகைக்கு ஒத்த தொகையைக் கட்டும்படி நிபந்தனை விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆத்மா ராம் பிராபர்ட்டீஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

தடை உத்தரவு கிடைத்த அன்றுதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். அந்த உத்தரவு கீழ்க்கோர்ட்டுக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்துதான் அங்கே செல்லுபடியாகும். நகல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை: தடை கிடைத்தது என்று அப்பீல்தாரர் தன் நேரடி அறிவில் வாக்குமூலம் கொடுத்தால், உத்தரவு வரும்வரை கீழ்க்கோர்ட் அதன்படி நடக்க வேண்டும். அன்றே அதைத் தாக்கல் செய்யுங்கள். டிக்ரிதாரரின் (டிக்ரி பெற்று ஜெயித்தவர்) வக்கீலுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தடை பற்றித் தெரியாமல் கோர்ட் நடத்திவிட்ட நடவடிக்கை, தடை இருந்ததாலேயே செல்லாததாகிவிடாது.

நிபந்தனைத் தடையில் ‘நான்கு வாரத்துக்குள் கட்டத் தவறினால் தடை தானாக ரத்து’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். எந்தக் கோர்ட்டில், எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்று உத்தரவைப் பார்த்துக் கட்டி, செலான் நகலுடன் மெமோ (கோர்ட்டுக்குத் தெரிவிக்கும் குறிப்பு) போடுங்கள். முடியாது என்றால் கெடு முடியும் முன்பே நீட்டிப்பு கேளுங்கள். இடைக்காலத் தடை தேதி குறித்துத் தரப்பட்டதா என்றும் பாருங்கள். குறித்திருந்தால் ஒவ்வொரு வாய்தாவிலும் நீட்டிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆறு மாதத்தில் தடை தானாகக் காலாவதியாகும் என்ற 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 பிப்ரவரியில் மாற்றிவிட்டது. அதை இன்னும் யாராவது காட்டினால் பயப்பட வேண்டாம்.

சொத்து ஏலத்துக்கு வந்துவிட்டதென்றால் ஒரு நாளும் வீணாக்கக் கூடாது. விதி 6(2)-இன்படி, அப்பீல் நிலுவையில் இருக்கும்போது அசையாச் சொத்து ஏலத்தை நிறுத்தும்படி, ஏலத்துக்கு உத்தரவிட்ட கோர்ட்டிலேயே கேட்கலாம்; பிணையம் குறித்த நிபந்தனைகளோடு அது தர வேண்டும். ஏலம் முடிந்து வெளியாள் வாங்கிவிட்டால், பிறகு டிக்ரியே ரத்தானாலும் அவரிடமிருந்து சொத்தை மீட்பது மிகக் கடினம். அதுவே டிக்ரிதாரர் கையில் போனதென்றால் அதே சட்டத்தின் பிரிவு 144-இன் கீழ் திரும்பக் கேட்க வழி உண்டு.

முதல் அப்பீல் தள்ளுபடியான கணமே அதில் வாங்கிய தடையும் போய்விடும். இரண்டாம் அப்பீலுக்குப் புதிய மனு, புதிய வாக்குமூலம். உச்ச நீதிமன்றம் போனாலும் இதேதான். எனவே முதல் அப்பீல் தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்பட்டதுமே அடுத்த கட்டுக்கான காகிதங்களைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுங்கள்.