50 சிசி ஸ்கூட்டருக்கு 2டி ஆயில்: பம்பை நம்பலாமா, பெட்ரோலில் கலக்கலாமா?

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்து பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் டிவிஎஸ் 50, பழைய சேட்டக் ஓட்டியிருந்தால் பெட்ரோல் பங்கிலேயே 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்) சேர்த்து ஊற்றிப் பழகியிருப்பீர்கள். இங்கே கிடைக்கும் எம்பிகே பூஸ்டர், பெஜோ ஸ்பீட்ஃபைட் போன்றவற்றில் ஆயிலுக்குத் தனி டேங்க் இருக்கும். ஒரு சின்ன பம்ப் அதை எடுத்து என்ஜினுக்குக் கொடுக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் "பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு கலந்தே ஊற்று" என்று யாராவது சொல்வார்கள். பம்ப் நன்றாக இருந்தால் அதைச் செய்யாதீர்கள். ஏன் என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

முதலில், ஆயில் எதற்கு?

ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் அடியில் தேங்கி நின்று திரும்பத் திரும்பச் சுற்றிவரும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படித் தேங்க இடமில்லை. பெட்ரோலும் காற்றும் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இருக்கும் அறை வழியாகத்தான் மேலே போகின்றன. அவற்றோடு போகும் ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, பிறகு எரிந்து புகையாகிறது. ஆயில் நின்றுபோனால் கொஞ்ச தூரத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரத்துப் பக்கம் ஊற்றும் கியர் ஆயில் வேறு, இது வேறு. கார் ஆயிலும் இதற்கு ஆகாது. டப்பாவில் 2டி என்றும், ஜாஸோ (ஜப்பானியத் தர அமைப்பு) எஃப்சி அல்லது எஃப்டி தரம் என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள்.

படி 1: உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

சீட்டைத் தூக்குங்கள். இரண்டு மூடி இருந்தால் ஒன்று பெட்ரோலுக்கு, மற்றது ஆயிலுக்கு. பெஜோ 103 மாதிரியான பழைய மொபெட்டில் ஒரே மூடிதான். அதற்குக் கலவைதான், யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் மூடி இருப்பதாலேயே பம்ப் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். முந்தைய சொந்தக்காரர் கழற்றியிருக்கலாம். ஆயில் டேங்கிலிருந்து கிளம்பும் குழாயைக் கண்ணால் பின்தொடருங்கள். அது பம்புக்குள் போய், அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று கார்புரேட்டருக்கு வர வேண்டும். அந்த இடத்தில் போல்ட்டோ ரப்பர் அடைப்போ இருந்தால் உங்கள் வண்டி கலவையில் ஓடுகிறது. வெறும் பெட்ரோல் ஊற்றினால் என்ஜின் போய்விடும்.

படி 2: பம்ப் வேலை செய்கிறதா?

இதற்குப் பொறுமை வேண்டும், அவசரப்படாதீர்கள்.

சோதிக்கும்போது என்ஜினுக்கு ஆபத்து வராமலிருக்க, பெட்ரோல் டேங்கில் 2 சதவீதக் கலவையை ஊற்றிக்கொள்ளுங்கள் (கலக்கும் முறை படி 3-இல்). பம்பும் சேர்ந்து ஓடினால் புகை கூடும், கொஞ்ச நாளைக்குப் பரவாயில்லை. பிறகு கார்புரேட்டருக்கு வரும் மெல்லிய குழாயைப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே தெரியும்படிதான் இருக்கும். ஆயில் நிறைந்து நின்றால் நல்லது. நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் பம்பில் உள்ள சிறிய ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் மட்டும் கசியும்வரை விட்டு, மறுபடி முறுக்குங்கள். ஆயில் டேங்கைக் காலியாக விட்ட வண்டிகளில் இந்தக் காற்று கட்டாயம் இருக்கும். டேங்கை நிரப்பினால் மட்டும் அது போகாது.

அடுத்து, அந்தக் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, கார்புரேட்டரின் துளையை மூடிவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். மூடாவிட்டால் அதன் வழியாகக் காற்று இழுத்து என்ஜின் சூடாகும். ஐட்லிங்கில் ஆயில் மிக மெதுவாகத்தான் வரும். முனையில் ஒரு துளி திரண்டு, வெகுநேரம் தொங்கிவிட்டுத்தான் விழும். பம்பில் கேபிள் இருந்தால் அதன் லீவரைக் கையால் மெல்லத் தூக்குங்கள், துளிகள் வேகமாக விழ வேண்டும். விழவில்லை என்றால் பம்பைச் சுழற்றும் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். சில என்ஜின்களில் அது பிளாஸ்டிக்தான்.

கடைசியாக ஆயில் டேங்கில் மட்டத்துக்கு நேராக டேப் ஒட்டி, ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை ஓட்டுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடுத்த முறை வெறும் பெட்ரோலுக்கு மாறலாம்.

படி 3: கலக்கும் முறை

2 சதவீதம் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 5 லிட்டருக்கு 100 மில்லி. பழைய மொபெட்டுகளுக்கு அதன் கையேட்டில் சொன்ன அளவு. கேனில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில், பிறகு மீதி பெட்ரோல் ஊற்றிக் குலுக்குங்கள். பங்கிலேயே டேங்கில் கலப்பதானால் ஆயிலை முதலில் ஊற்றிவிட்டு, பிறகு பெட்ரோல் போடச் சொல்லுங்கள், அந்த வேகத்தில் கலந்துவிடும். பெட்ரோலைவிட 2டி ஆயில் கனமானது. கடைசியில் ஊற்றினால் அடியில் போய்த் தங்கும், கார்புரேட்டருக்கு முதலில் அதுதான் போகும்.

"கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு" என்ற எண்ணம் வேண்டாம். ஆயில் கூடக் கூட கார்புரேட்டரில் உள்ள அதே ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை) வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது. பிளக் கறுத்து, சைலன்சர் அடைப்பதோடு என்ஜின் சூடும் ஏறும்.

படி 4: இறக்கம்

இந்தத் தீவில் பம்ப் ஏன் முக்கியம் என்பது இங்கேதான் புரியும். மலை ஊரான சிலாவோஸிலிருந்து கடலோர ஊரான சென் லூயிக்கு 400-க்கும் மேற்பட்ட வளைவுகள், கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டம்வரை. நீளமான இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடி வைத்திருப்பீர்கள், ஆனால் சக்கரம் என்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். கலவை வண்டியில் பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கிறது. பம்ப் கிராங்கோடு சேர்ந்து சுழல்வதால் ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தாலும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும். 1964-இல் யமஹா, ஆட்டோலூப் என்ற பெயரில் இந்த ஆயில் பம்ப் முறையைக் கொண்டுவந்தது முதல் இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம் இதுதான் என்பது என் கருத்து.

கலவையில் ஓட்டுகிறவர்கள் இறங்கும்போது பிரேக்கில் வேகத்தைக் கட்டுப்படுத்தியபடி, இடையிடையே ஆக்ஸிலேட்டரை ஒரு நொடி லேசாகத் திறந்து மூடுங்கள். என்ஜின் சத்தம் இறுகி, வண்டி யாரோ பின்னால் இழுப்பதுபோல் தளர்ந்தால் ஓரங்கட்டி உடனே அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு கிக்கரை மெதுவாக மிதித்துப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்றால் மட்டும் ஸ்டார்ட் செய்யலாம்.