ஏடிவி மட்கார்டில் கீறலா? பெயிண்ட் வேண்டாம்

கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் ஏடிவி வண்டியின் பிளாஸ்டிக் மட்கார்டில் கீறல் விழுந்தால் அதைக் கழற்றிக் கழுவித் துடைத்து, பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, கீறலின் ஓரத்தில் எழும்பி நிற்கும் பிசிறை லேசாகச் சுரண்டுங்கள். பிறகு சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்டுங்கள். ஈரம் பட்டதுபோல் மினுங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

இந்த மட்கார்டுகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை. நிறம் மேலே பூசியதல்ல, உள்ளே வரை கலந்தது. சூட்டில் மேற்பரப்பு இளகிச் சமமாகிறது. வளைந்த இடத்தில் தோன்றும் வெள்ளைத் தழும்பும் பெரும்பாலும் மங்கிவிடும். பெயிண்ட் அடித்த பாகத்துக்கும் நகம் இறங்கும் ஆழக் கீறலுக்கும் இது உதவாது. ஸ்டிக்கர் பக்கம் சூட்டைக் கொண்டுபோகாதீர்கள், சுருண்டுவிடும்.