ஷாஃப்ட் புஷ்ஷை வீட்டில் விரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் மண்டபம், பாம்பன் பக்கம் கரையெல்லாம் விசைப்படகு ஏறி நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பலகை மாற்ற, பெயின்ட் அடிக்க, எஞ்சினை இறக்க எல்லாவற்றுக்கும் அதுதான் நேரம். லேத் பட்டறைகளில் வேலை குவிந்து கிடப்பதால், ஸ்டெர்ன் டியூபுக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் படகின் பின்பக்கம் வெளியேறும் குழாய்) புது கன்மெட்டல் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுற்றும் வெண்கல வகை உருளை) வாங்கி வந்த பையன்கள், ஷாஃப்ட் இறுக்கமாக இருந்தால் துளையை வீட்டுத் திண்ணையிலேயே கொஞ்சம் விரித்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் போன தடைக்காலத்தில் மட்டும் மூன்று பேர், நான் அந்த வயதில் செய்த அதே தவறைச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். கண்ணாடி போடு, சுற்றும் துளைக்குள் விரலை விடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாதவை இவை.

வால்வ் பேஸ்ட் போட்டு ஷாஃப்டாலேயே தேய்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். எஞ்சின் வால்வைத் தேய்த்து உட்காரவைக்கும் வால்வ் கிரைண்டிங் பேஸ்டை ஷாஃப்டில் தடவி, புஷ்ஷுக்குள் விட்டு, முன்னும் பின்னும் இழுத்துச் சுற்றுவார்கள். கன்மெட்டல் மென்மையானது, ஷாஃப்ட் கெட்டியானது, அதனால் புஷ்தான் தேயும் என்பது அவர்கள் கணக்கு. நடப்பது நேர் எதிர். பேஸ்டில் இருக்கும் மணல் போன்ற துகள், எது மென்மையோ அதில் போய்ப் பதிந்துகொள்ளும். பதிந்த துகள் அசையாது, எதிரே இருக்கும் கெட்டியான ஷாஃப்டை அரத்தைப் போல அராவும். கெட்டி ஸ்டீலில் உள்ள துளையைச் செம்புக் கம்பியிலோ மரக்குச்சியிலோ பேஸ்ட் தடவிப் பெரிதாக்குகிறார்களே, அந்த வேலை சரியாக வருவதற்கும் இதுதான் காரணம். துகள் கம்பியில் பதிகிறது, ஸ்டீல் தேய்கிறது. கன்மெட்டல் புஷ்ஷில் நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

எனக்கு இது தெரியாத காலத்தில் ஒரு சம்மாட்டியின் (படகு முதலாளி) படகுக்கு 40 மி.மீ. ஷாஃப்டை இப்படித்தான் உட்காரவைத்தேன். அரை நாள் வேலை. முடிந்தபோது வெண்ணெய் மாதிரி சுற்றியது, டீசலில் மூன்று தடவை கழுவினேன், மனசுக்கு நிறைவாகவே இருந்தது. தடைக்காலம் முடிந்து நல்ல மீன்பாடு இருந்த வாரத்தில் அவர் வந்து நின்றார். "தம்பி, கிளாண்டைத் திருகித் திருகிக் கை வலிக்குது, தண்ணி நிக்க மாட்டேங்குது." கிளாண்ட் என்றால் ஷாஃப்டைச் சுற்றியுள்ள பேக்கிங் கயிற்றை நெருக்கித் தண்ணீரைத் தடுக்கும் மூடி. படகைத் திரும்பக் கரையேற்றி ஷாஃப்டை உருவினோம். புஷ் உட்கார்ந்த இடத்தில் மட்டும் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்கு வரிவரியாகப் பள்ளம். ஷாஃப்ட் மெலிந்ததால் ஆடியது, ஷாஃப்ட் ஆடினால் எந்த பேக்கிங்கும் தண்ணீரைத் தாங்காது. புஷ் போட்டது போக ஷாஃப்டும் புதிது, கரையேற்றிய கூலி தனி, அவருக்குப் போன கடல் நாட்கள் தனி. ஒரு டப்பா பேஸ்டால் வந்தது இவ்வளவும்.

கழுவினால் போய்விடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். டீசல், மண்ணெண்ணெய், சோப்புத் தண்ணீர் எதுவும் கன்மெட்டலுக்குள் புதைந்த துகளை எடுக்காது. உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேய்ப்பதிலும் இதே ஆபத்து கொஞ்சம் உண்டு. கன்மெட்டலை வெட்டித்தான் விரிக்க வேண்டும். லேத்தில் போர் அடிக்கலாம் (துளையை உள்ளே கடைந்து பெரிதாக்குவது), துளை விரிக்கும் வெட்டுக்கருவியான அட்ஜஸ்டபிள் ரீமரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஓட்டலாம், இரண்டும் இல்லையென்றால் ஷாஃப்டில் புளூ (உரசும் இடத்தைக் காட்டும் நீலச் சாயப் பசை) தடவி உள்ளே விட்டுப் பார்த்து, நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டலாம். பொறுமை வேண்டும், ஆனால் ஷாஃப்ட் பிழைக்கும்.

ஏற்றும் முன்பே அளவை முடித்துவிடுவது

மேசையில் வைத்து ஷாஃப்ட் அருமையாக ஓடுகிறது, அப்புறம் புஷ்ஷை டியூபுக்குள் அடித்து ஏற்றினால் இறுகிக்கொள்கிறது. வெளியே நெருக்கினால் உள்ளே துளை சுருங்கத்தான் செய்யும். முதலில் ஏற்றுங்கள், கடைசி அளவை அதற்குப் பிறகு எடுங்கள்.

சூட்டோடு அளப்பது

வெட்டும்போது புஷ் சூடாகும். 40 மி.மீ. துளை 30 டிகிரி சூடேறினால் சுமார் 0.02 மி.மீ. விரியும். கிட்டத்தட்ட ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேரிங்குக்குப் பொதுவாகச் சொல்லும் இடைவெளியே அங்குல விட்டத்துக்கு ஒரு தௌதான். ஸ்டெர்ன் டியூபில் கிரீஸும் தண்ணீரும் புழங்க அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விடுவேன். சூட்டில் அளந்தால் அந்தக் கணக்கெல்லாம் பொய். ஆறட்டும், டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வெர்னியரை நம்புவது

துளைக்கு அது போதாது. துளைக்குள் விரித்து அளவைப் பிடிக்க டெலஸ்கோப்பிக் கேஜ், அதை அளக்க மைக்ரோமீட்டர், இரண்டும் வேண்டும்.

வாயை மட்டும் அகலமாக்குவது

ரீமரையோ ஸ்கிரேப்பரையோ கையில் பிடிக்கும்போது சாய்ந்துவிடும். இரண்டு முனையும் அகலம், நடுவில் இறுக்கம். முன், நடு, பின் என மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதி வையுங்கள். நடுவில் இறுக்கமாக இருந்தால் நடுவை மட்டும் தொடுங்கள், முனைகளை விட்டுவிடுங்கள்.