மெஸ்கால் வாங்கும் முன் லேபிளில் எதைப் பார்ப்பது

மெஸ்கால் என்பது அகாவே என்ற கற்றாழை போன்ற செடியின் தண்டிலிருந்து காய்ச்சும் மெக்சிகோ சாராயம். லேபிளில் முதலில் செடியின் பெயரைத் தேடுங்கள். டெக்கீலா நீல அகாவே ஒன்றிலிருந்துதான் வரும். மெஸ்காலுக்குப் பல வகை அகாவே உண்டு. எஸ்பாடின் என்று போட்டிருந்தால் அது வயலில் பயிரிட்டு, ஏழெட்டு வருடத்தில் முற்றிய செடி. முதல் பாட்டிலுக்கு அதுவே நல்லது. தோபாலா காட்டில் வளர்வது, முற்றப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். தெபெஸ்தாதே சில சமயம் 25 வருடம்கூட எடுத்துக்கொள்ளும்.

அகாவே ஒரே முறை பூத்து மடிந்துவிடும். சர்க்கரை தண்டிலேயே தங்கட்டும் என்று, பூந்தண்டு கிளம்பியதுமே அதை வெட்டிவிடுவார்கள். அப்படி எடுத்த காட்டுச் செடி விதை போடாமலே போகிறது. அதனால் மலிவான தெபெஸ்தாதேயைக் கண்டால் எனக்குக் கவலைதான். நாற்று நட்டுத் திருப்பி வளர்க்கிறவர்களின் பாட்டிலா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

அடுத்தது வகை. மெக்சிகோவின் 2016 தரவிதி மூன்று வகை வைத்திருக்கிறது. வெறும் ‘மெஸ்கால்’ என்றால் ஆலை இயந்திரங்களுக்கும் அனுமதி உண்டு. ‘ஆர்தெசனால்’ என்றால் பெரும்பாலும் பழைய முறை. ‘ஆன்செஸ்ட்ரால்’ என்றால் மண்பானையில் வடித்தது. நான் பின்னிரண்டைத் தாண்டிப் போவதில்லை.

ஏன் என்று கேட்டால், வேலை நடக்கும் விதம்தான் காரணம். வஹாக்கா மாநிலத்துப் பாலென்கேயில், அதாவது சாராயம் காய்ச்சும் களத்தில், நிலத்தில் தோண்டிய குழியில் விறகை எரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். மேலே ஈரச் சக்கையைப் பரப்பி, இலை சீவிய தண்டுகளை அடுக்கி, பாய் போட்டு மண்ணால் மூடிவிடுவார்கள். மூன்று முதல் ஐந்து நாள் உள்ளே வேகும். பச்சைத் தண்டில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தல்லாத கார்போஹைட்ரேட் அந்தச் சூட்டில்தான் சர்க்கரையாக உடைகிறது. புகைமணம் ஏறுவதும் இங்கேதான். ஆனால் புகை மட்டுமே மூக்கில் ஏறினால் அந்த மெஸ்கால் எனக்குப் பிடிக்காது. வெந்த தண்டின் இனிப்பு பின்னாலேயே வரவேண்டும்.

வெந்ததைக் குதிரையோ கழுதையோ இழுக்கும் கல் சக்கரம் நசுக்கும். சாந்தா கத்தரினா மினாஸ் ஊரில் இன்றும் மரக்கட்டையால் கையாலேயே இடிப்பவர்கள் உண்டு. அப்புறம் திறந்த மரத்தொட்டியில் தண்ணீர் சேர்த்து ஊறல் போடுவார்கள். ஈஸ்ட் காற்றிலிருந்தே வந்து சேரும். குளிர் நாளில் ஊறல் நீளும். போதுமா என்பதைக் காய்ச்சுகிறவர் ருசித்தும் நுரையின் சத்தத்தைக் கேட்டும் முடிவு செய்வார். பிறகு இரண்டு முறை வடிப்பு. கடைசியில் நாணல் குழாயில் உறிஞ்சி, சுரைக்குடுவையில் விட்டு, முத்து முத்தாக நிற்கும் குமிழியைப் பார்ப்பார்கள். குமிழி உடையாமல் நின்றால் காரம், அதாவது ஆல்கஹால் அளவு, சரி.

வடிக்கும் வித்தை எங்கிருந்து வந்தது என்பதில் சண்டை ஓயவில்லை. ஸ்பானியர் வருமுன்பே அங்கே அகாவேயைச் சுட்டுத் தின்றார்கள், அதன் சாற்றைப் புளிக்கவைத்துப் புல்கே குடித்தார்கள். 1565-இல் தொடங்கிய மணிலா கப்பல் வழியில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் கொலிமா கடற்கரையில் தென்னங்கள்ளைக் காய்ச்சினார்கள்; அந்த வாலைதான், அதாவது வடிக்கும் கலம்தான், அகாவேக்கும் போனது என்கிறார்கள் பல ஆய்வாளர்கள். எனக்கு அது நம்பும்படியாக இருக்கிறது. மேற்கு மெக்சிகோவில் மரத்தண்டைக் குடைந்து செய்த வாலைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

சரி, திரும்பவும் லேபிள். விதிப்படி காரம் 35 முதல் 55 சதவீதம். 45-க்கு மேல் உள்ளதை எடுங்கள். பீப்பாயில் போடாத, நிறமில்லாத ‘ஹோவென்’ வாங்குங்கள். மரவாசனை செடியின் வாசனையை மூடிவிடும். சில பாட்டில்களில் போட்டிருக்கும் அகாவேப் புழு தரத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். ஆல்கஹால் பறந்ததும் வெந்த அகாவே மணம் மிஞ்ச வேண்டும். வாய் அகன்ற சிறு கோப்பையில், ஐஸ் இல்லாமல், இதழ் நனையும் அளவே குடியுங்கள். முதல் மிடறில் எரிச்சல்தான் தெரியும், அதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். வஹாக்காவில் கூடவே ஆரஞ்சுத் துண்டும், அகாவேப் புழுவைப் பொடித்துக் கலந்த உப்பும் வைப்பார்கள். நான் அவற்றை இரண்டாவது கோப்பைக்குத்தான் தொடுவேன்.