முகலாயர்களோட கடைசிக் காலத்த டெல்லியில ஒரே நாள்ல பாக்குறது எப்படி

ஊர்லேருந்து சொந்தக்காரங்க வந்தா நேரா செங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறதுதான் நம்ம டெல்லி தமிழ்க்காரங்க வழக்கம், ஆர்.கே.புரத்துல இருந்தவரைக்கும் நானும் அதையேதான் செஞ்சேன். ஆனா 1707ல ஔரங்கசீப் செத்ததுக்கு அப்புறம் அந்த வம்சம் எப்படி தேஞ்சுதுன்னு புரியணும்னா கோட்டைய கடைசிக்கு வைங்க, முதல்ல ஒரு மந்திரியோட சமாதிக்குப் போங்க.

மெட்ரோ மஞ்சள் லைன்ல ஜோர் பாக்ல இறங்குங்க, பொடிநடையா போனா சப்தர்ஜங் சமாதி. இவரு அவத் (இன்னிக்கு உ.பி. பக்கம்) நவாப், 1748லேருந்து பாதுஷா அகமது ஷாவுக்கு வசீர், அதாவது பிரதான மந்திரி. 1753ல பாதுஷாவுக்கும் இவருக்கும் சண்டை முத்தி பதவி போச்சு, மறு வருஷம் உயிரும் போச்சு. அப்புறம் வந்த இமாத்-உல்-முல்க் இன்னும் கொடுமை, 1754ல அகமது ஷாவ எறக்கி கண்ணக் குருடாக்கிட்டு ரெண்டாம் ஆலம்கீர உக்கார வச்சான், 1759ல அவரையும் கொல்ல வச்சான். இதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு அந்தக் கட்டடத்த நிமிர்ந்து பாருங்க, எவ்வளவு பெருசுன்னு நல்லா பாத்து வச்சுக்கோங்க, இதுக்குப் பளிங்கு பத்தாம அக்பர் காலத்துப் பெரிய பிரபு ரஹீம் கான்-இ-கானான் சமாதியிலேருந்து பேத்து எடுத்துட்டு வந்திருக்காங்க.

திரும்ப அதே லைன்ல குதுப் மினார் ஸ்டேஷன், அங்கேருந்து ஆட்டோவுல மெஹ்ரோலி தர்கா, குத்புதீன் பக்தியார் காக்கிங்கிற சூஃபி மகானோட சமாதி. தலைய மூட ஒரு துணி வேணும். தர்காவ ஒட்டி ஜஃபர் மஹால் அரண்மனை, பக்கத்துல சின்னதா மோத்தி மசூதி, அதோட ஒட்டின பளிங்கு அடைப்புக்குள்ளதான் பாதுஷாங்களோட கல்லறைங்க. நம்ம வீட்டு ஹால் அளவுகூட இருக்காது, மந்திரிக்கு அங்க தோட்டத்தோட அவ்வளவு பெரிய கட்டடம், பாதுஷாக்களுக்கு இங்க வானம்தான் கூரை.

இதுல ரெண்டாம் ஷா ஆலம் கல்லறைகிட்ட கொஞ்ச நேரம் நில்லுங்க. 1765ல வங்காளத்து வரி வசூலிக்கிற உரிமைய பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தவரு, 1772ல மராட்டியர் தயவுல டெல்லிக்குத் திரும்பினவரு, 1788ல ரோஹில்லா தலைவன் குலாம் காதிர் இவரோட கண்ணையே பிடுங்கிட்டான், அதுக்கப்புறமும் 1806 வரைக்கும் பாதுஷாவா இருந்தாரு. ஷா ஆலம் ராஜ்யம் டெல்லியிலேருந்து பாலம் வரைக்கும்னு சொல்லுவாங்க, நம்ம ஏர்போர்ட் பக்கத்துல இருக்கே, அதே பாலம்தான்.

அந்தக் கல்லறைகளுக்கு நடுவுல ஒரு ஆள் படுக்குற அளவுக்கு இடம் காலியா கிடக்கும். கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜஃபர் தனக்குன்னு வச்சிருந்த இடம். சிப்பாய்க் கலகம் தோத்து 1857 செப்டம்பர்ல ஹுமாயூன் சமாதியில பிரிட்டிஷ்காரங்ககிட்ட பிடிபட்டு, செங்கோட்டையில பாதுஷாக்களோட தனி தர்பார் மண்டபமான திவான்-இ-காஸ்லயே விசாரணை நடந்து, ரங்கூனுக்கு நாடு கடத்தி 1862ல அங்கேயே புதைச்சிட்டாங்க.

சாயங்காலம் கோட்டைக்குப் போங்க, திங்கள்கிழமை மட்டும் வேண்டாம், லீவு. மத்ததெல்லாம் அப்புறம், நேரா திவான்-இ-காஸ். போன தடவ அம்மா அங்க வந்ததும் செருப்பக் கழட்டிட்டு, "அந்தக் காலி இடத்துக்காரர இங்க வச்சா விசாரிச்சாங்க?"ன்னு கேட்டாங்க.