கோலாலம்பூரில் ஆங்கில ஆசிரியர் வேலை: கையெழுத்துக்கு முன்னும் மாநாட்டுக்கு முன்னும் பார்க்க வேண்டியவை

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஆங்கிலம் கற்பிக்கக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வருகிறவர்கள் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்றுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த கேள்வியாக, "ஆண்டுக்கு எத்தனை நாள் ஆங்கில ஆசிரியர் மாநாட்டுக்கு அனுப்புவீர்கள், கட்டணம் யார் கட்டுவது?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு எழுத்தில் பதில் தருகிற இடம் பாடவேளை, விடுப்பு, வரி எல்லாவற்றையும் பெரும்பாலும் எழுத்தில்தான் வைத்திருக்கும். "அதெல்லாம் வந்த பிறகு பேசிக்கலாம்" என்கிற இடத்தில் மற்றதெல்லாமும் வந்த பிறகுதான் தெரியவரும்.

முதலில் பெர்மிட்

இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு வந்தது. அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. அதை வைத்துக்கொண்டு வகுப்பெடுப்பது, "ட்ரையல் கிளாஸ்" என்று பெயர் வைத்தாலும், குடிநுழைவுச் சட்டத்தை மீறுவதுதான். "முதல்ல டூரிஸ்ட்டா வாங்க, பெர்மிட் பின்னாடி போட்டுக்கலாம்" என்கிற ஏஜெண்டிடம் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சோதனை நடந்தால் பிடிபடுவது வகுப்பில் நிற்பவர்தான், ஏஜெண்ட் இல்லை.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, குடிநுழைவுத் துறை தரும் வேலை அனுமதி. மற்றொன்று, பள்ளியிலோ மொழி மையத்திலோ கற்பிப்பதற்கு 1996 கல்விச் சட்டம் கேட்கும் ஆசிரியர் பதிவு அல்லது கற்பிக்கும் அனுமதி. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். நிறுவனமும் கல்வி அமைச்சில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள பெயரும் முகவரியும் நீங்கள் வேலை செய்யப்போகிற கிளையினுடையதா என்று பாருங்கள். வேலை அனுமதியில் உள்ள கம்பெனி, ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனி, சம்பளம் போடுகிற கம்பெனி மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அனுமதி அந்த ஒரு முதலாளிக்கு மட்டும்தான். மாலையில் வேறிடத்தில் டியூஷன் எடுக்க அது இடம் கொடுக்காது.

முத்திரை குத்துவதற்குப் பாஸ்போர்ட்டைச் சில நாள் கொடுக்க நேரும். என்று திரும்பக் கிடைக்கும் என்று தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். "பத்திரமா இருக்கட்டும்" என்று அலுவலக அலமாரியில் பூட்டி வைப்பது 1966 கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம்.

ஒப்பந்தத்தில் பேனா வைக்க வேண்டிய இடங்கள்

"வாரம் 25 மணி நேரம்" என்று இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் வகுப்பில் நிற்கிற நேரம் மட்டும். பாடத் தயாரிப்பு, திருத்தம், தரம் பிரிக்கும் தேர்வு, பெற்றோர் சந்திப்பு, புது மாணவர்களைப் பிடிக்க நடத்துகிற இலவச வகுப்பு எல்லாம் அதற்கு வெளியே. காலை 10 முதல் 12 வரை நகரின் ஒரு பக்கம் டாமன்சாராவில் ஒரு கம்பெனிக்காரர்களுக்கு வகுப்பு, மாலை 5 முதல் 9 வரை இன்னொரு பக்கம் செராஸில் குழந்தைகளுக்கு வகுப்பு என்று போட்டால் தாளில் 6 மணி நேரம்தான்; உங்கள் நாள் 11 மணி நேரம். நடுவில் உள்ள நேரம் யாருடையது, பயணச் செலவு யாருடையது, மாணவர் வராமல் ரத்தான வகுப்புக்குச் சம்பளம் உண்டா என்று மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் கேளுங்கள்.

1955 வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று உச்சவரம்பு வைக்கிறது. இந்தச் சட்டம் இப்போது சம்பள வரம்பில்லாமல் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும். ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்குச் சட்டப்படி ஓவர்டைம் பணம் கிடையாது. வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் இந்த வரம்புக்கு மேலேதான் இருப்பார்கள். அதனால் கூடுதல் வகுப்புக்கு மணிக்கு எவ்வளவு என்று ஒப்பந்தம் சொல்லவில்லை என்றால் கேட்க ஒன்றுமில்லை.

ஆண்டு விடுப்பு முதல் இரண்டு ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள், அதன் பின் ஐந்தாண்டு வரை 12, பிறகு 16. அனைத்துலகப் பள்ளிகளில் பள்ளி விடுமுறை தனியாக நீளமாக வரும். மொழி மையங்களில் அந்த 8 நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் கவனிக்காத ஒரு இடம் பொது விடுமுறைப் பட்டியல். சட்டம் 11 நாள் தரச் சொல்கிறது. அதில் கட்டாயமானவை ஐந்து: தேசிய நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச நாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள். மீதி ஆறையும் அரசு அறிவித்த விடுமுறைகளிலிருந்து நிறுவனமே தேர்ந்தெடுக்கலாம். தீபாவளியும் தைப்பூசமும் அந்த ஐந்தில் இல்லை. பெரும்பாலான இடங்களில் தீபாவளி கிடைக்கும். ஆனால் சனி, ஞாயிறு வகுப்பில் பிழைக்கிற மையத்தில் தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகலாம் என்று நம்பி டிக்கெட் போடும் முன் பட்டியலைக் கேளுங்கள்.

2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதி கட்டாயம்: நீங்கள் 2 சதவீதம், நிறுவனம் 2 சதவீதம். 6,000 ரிங்கிட் சம்பளத்தில் இரு பக்கமும் 120 வீதம். நாட்டை விட்டுப் போகும்போது திரும்ப எடுக்கலாம். வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் சொக்சோ 2019 முதல் வெளிநாட்டவருக்கும் உண்டு. "நீங்க ஃப்ரீலான்ஸ், அதெல்லாம் கிடையாது" என்று சொன்னால், வேலை அனுமதி விண்ணப்பத்தில் உங்களை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே ஊழியர், இங்கே ஃப்ரீலான்ஸ் என்பது செல்லாது. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு என்பதால் மருத்துவக் காப்புறுதி அட்டையில் எவ்வளவு வரை என்பதையும் பாருங்கள். வீடு பிடிக்கக் கையில் பணம் வேண்டும்: இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. 1,500 ரிங்கிட் வீட்டுக்கு 5,250.

182 நாள் கணக்கு

முதல் ஆண்டில் ஆசிரியர்கள் அதிகப் பணம் இழப்பது இங்கேதான். ஒரு காலண்டர் ஆண்டில் மலேசியாவில் 182 நாள் இருந்தால் வரி விஷயத்தில் நீங்கள் குடியிருப்பாளர். படிப்படியான விகிதமும் கழிவுகளும் உண்டு. இல்லையென்றால் கழிவே இல்லாமல் நேராக 30 சதவீதம். 6,000-க்கு மாதம் 1,800 ரிங்கிட்.

அனைத்துலகப் பள்ளியில் ஆகஸ்ட் 1 அன்று சேர்ந்தால் டிசம்பர் 31 வரை 153 நாள்தான். அப்படியும் தப்பிக்க வழியுண்டு: இந்த நாள்கள் அடுத்த ஆண்டில் தொடர்ச்சியாக வரும் 182 நாளோடு இணைந்திருந்தால் முதல் ஆண்டும் குடியிருப்பாளர் கணக்கில் சேரும். அதாவது ஜூலை 1 வரை தொடர்பு அறக்கூடாது. ஊருக்குப் போய்வருகிற சொந்தப் பயணங்கள் மொத்தம் 14 நாளுக்குள் இருந்தால் தொடர்பு அறாது. கிறிஸ்துமஸ் விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்து மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வருகிறவருக்கு அங்கேயே அறுந்துவிடும். வார இறுதியில் சிங்கப்பூர் போய்வருவதும் இந்த 14-க்குள்தான் வரும்.

வேலை தொடர்பாக வெளிநாட்டில் மாநாட்டுக்கோ கருத்தரங்குக்கோ போகிற நாள்களை அதே சட்டம் தனியாக வைக்கிறது. அவை அந்த 14-இல் சேராது, தொடர்பையும் அறுக்காது. சிங்கப்பூரில் ரெல்க் என்கிற மொழிக் கல்வி மையம் நடத்தும் மாநாட்டுக்கோ பாங்காக்கில் தாய்லாந்து ஆங்கில ஆசிரியர் சங்கமான தாய்டெசாலின் மாநாட்டுக்கோ போனால் நிறுவனத்தின் அனுப்புகைக் கடிதம், பதிவு ரசீது, பங்கேற்புச் சான்றிதழ், போர்டிங் பாஸ் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். கடிதம் பயணத்துக்கு முந்தைய தேதியில் இருக்கட்டும். மாநாடு முடிந்து அப்படியே இரண்டு நாள் சுற்றினால் அந்த இரண்டு நாள் சொந்தக் கணக்கில் போகும்.

மாநாட்டைக் கேட்டு வாங்குவது

ஒப்பந்தத்தில் இந்த அளவுக்கு இருந்தால் போதும்: ஆண்டுக்கு இத்தனை வேலைநாள் சம்பளத்தோடு தொழில் மேம்பாட்டு விடுப்பு, அது ஆண்டு விடுப்பில் கழிக்கப்படாது, பதிவுக் கட்டணம் இத்தனை ரிங்கிட் வரை நிறுவனம் ஏற்கும், அந்த நாள்களில் மாற்று ஆசிரியரை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். கடைசி வரியை விட்டுவிட்டால், போன இரண்டு நாளுக்கும் ஈடாக இரண்டு சனிக்கிழமை கேட்பார்கள். பணம் கட்டுகிற நிறுவனம் "ஓராண்டு இங்கேயே இருக்க வேண்டும்" என்று பிணை எழுதலாம். மாதம் ஆக ஆகத் திருப்பித் தர வேண்டிய தொகை குறைய வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

எந்த மாநாடு? மலேசியாவில் முதலில் பார்க்க வேண்டியது மெல்டா, அதாவது மலேசிய ஆங்கில மொழி கற்பித்தல் சங்கம். அதன் மாநாடு வெவ்வேறு ஊர்களில் நடக்கும். உறுப்பினர் கட்டணம் குறைவு. ஆசிய ஆங்கில ஆசிரியர் சங்கமான ஆசியா டெஃபல் 2007-இல் கோலாலம்பூரிலும் 2014-இல் கூச்சிங்கிலும் கூடியது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கமான எல்டாயிலும், இலங்கையர் அங்குள்ள சங்கமான ஸ்லெல்டாவிலும் உறுப்பினராகத் தொடர்வது நல்லது. ஊர் திரும்பும்போது தொடர்பு கைவிட்டுப் போயிருக்காது.

போலிகளும் உண்டு. ஆங்கிலம், பொறியியல், மருத்துவம், மேலாண்மை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே ஓட்டல் அறையில் மாநாடு. பேசப்போவதன் சுருக்கத்தை அனுப்பிய இரண்டு நாளில் ஏற்புக் கடிதம். ஏற்பு வந்ததும் பணம் கேட்டு அவசரம். குழுவில் இருப்பதாகப் போட்ட பேராசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இவற்றில் இரண்டு இருந்தாலே விலகிவிடலாம். அந்தச் சான்றிதழை நல்ல பள்ளிகள் மதிப்பதில்லை, சில இடங்களில் அதுவே குறையாகவும் போகும்.

கேட்பவராக மட்டும் போகாமல் பேச விண்ணப்பியுங்கள். விடுப்பு கேட்கவும் எளிது. சுருக்கம் பெரும்பாலும் 250 சொல்லுக்குள். தள்ளுபடியாவது எதனால் என்றால், பாதிச் சொற்களை "உலகமயமான காலத்தில் ஆங்கிலத்தின் முக்கியத்துவம்" தின்றுவிடுகிறது. மாணவர் யார், சிக்கல் என்ன, எத்தனை வாரம் என்ன செய்தீர்கள், என்ன மாறியது, வந்தவர் எதைக் கொண்டுபோவார். இந்த ஐந்தும் போதும்.

தலைப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். கோலாலம்பூர் வகுப்பில் மலாய், மாண்டரின், தமிழ் பேசும் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மலாயிலும் மாண்டரினிலும் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறுவதில்லை, தமிழில் மாறும். ஆகவே ஆங்கில இறந்தகாலத்தில் மூவரும் ஒரே பிழையைச் செய்கிறார்களா என்று ஆறு வாரக் கட்டுரை நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தாலே ஒரு நல்ல 20 நிமிடப் பேச்சு கிடைக்கும். தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு இது கையிலிருக்கும் மூலதனம். தலைமையாசிரியரின் எழுத்து அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் முன்கூட்டியே வாங்குங்கள். பிள்ளைகளின் பெயரும் முகமும் ஸ்லைடில் வரக்கூடாது. 20 நிமிடத்துக்கு 10 ஸ்லைடு தாராளம்.

"தாய்மொழி ஆங்கிலம் உள்ளவர் மட்டும்" என்ற விளம்பரங்களை இன்னும் பார்ப்பீர்கள். இந்தப் பாகுபாட்டுக்கு எதிராக ஆங்கில ஆசிரியர்களின் டெசால் அனைத்துலகச் சங்கம் 2006-இல் அறிக்கை வெளியிட்டது. அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. விளம்பரம் போட்டவரிடம் அதைக் காட்டி வாதாடிப் பயனில்லை. செல்டா என்கிற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் போல 120 மணி நேரத்தோடு குறைந்தது 6 மணி நேரம் உண்மையான வகுப்பில் நின்று மதிப்பிடப்பட்ட சான்றிதழும், நல்ல மாநாட்டில் பேசிய ஒரு பேச்சும் விண்ணப்பத்தில் இருந்தால் வேறு கதவுகள் திறக்கும். "120 மணி நேரம்" என்று மட்டும் போட்ட ஆன்லைன் சான்றிதழ்களில் பலவற்றில் அந்த 6 மணி நேரம் இருக்காது.

பினாங்கில் மாநாடு என்றால் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து இடிஎஸ் விரைவு ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுன். கெலுகோரில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் நடப்பதற்கு பத்து ஃபெரிங்கியில் கடற்கரை அறை எடுத்தால் காலை அமர்வு போய்விடும். அந்தக் கடலோரச் சாலை வளைந்து வளைந்து மெதுவாகத்தான் போகும்.

மாநாட்டில் முக்கியமான வேலை தேநீர் இடைவேளையில். உங்கள் பள்ளியிலோ நீங்கள் போக நினைக்கிற பள்ளியிலோ வேலை செய்தவர் யாராவது இருப்பார். சம்பளம் எந்தத் தேதி வரும் (சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும்), போன ஆண்டு எத்தனை பேர் நடுவில் விலகினார்கள், விலகியவருக்குக் கடைசி மாதப் பணம் எப்போது வந்தது என்று கேளுங்கள். பாடநூல் பதிப்பாளர்களின் கடைக்கும் போங்கள். அந்த விற்பனைப் பிரதிநிதிகள் எல்லாப் பள்ளி வாசலையும் மிதிக்கிறவர்கள். எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

மாறும்போதும் போகும்போதும்

புது வேலை கிடைத்தால் ராஜினாமாவுக்கு முன் புது நிறுவனம் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழியையும், பழைய நிறுவனம் விடுவிப்புக் கடிதம் தருமா என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் இல்லையென்றால் சட்டம் இரண்டாண்டுக்குக் குறைவானவருக்கு 4 வாரம், ஐந்தாண்டுக்குக் குறைவானவருக்கு 6, அதற்கு மேல் 8 என்கிறது. காரணமில்லாமல் நீக்கினால் தொழிலியல் உறவுத் துறையில் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். 61-ஆவது நாள் போனால் எடுக்கமாட்டார்கள். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் துறை. வக்கீல் கட்டாயமில்லை, சம்பளச் சீட்டும் வகுப்பு அட்டவணையும்தான் பேசும், எனவே இரண்டையும் மாதந்தோறும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.

நாட்டை விட்டே போவதானால் குறைந்தது 30 நாள் முன்பு நிறுவனம் வருமான வரி வாரியத்துக்கு சிபி21 படிவம் அனுப்ப வேண்டும். வரி தீர்வுக் கடிதம் வரும்வரை உங்கள் கடைசிப் பணத்தை அவர்கள் பிடித்து வைப்பது சட்டப்படியே நடப்பது. படிவத்தைத் தாமதமாக அனுப்பினால் உங்கள் பணமும் தாமதமாகும். ராஜினாமாக் கடிதத்திலேயே விமானத் தேதியைப் போட்டு, சிபி21-ஐ எப்போது அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். கோலாலம்பூர் வங்கிக் கணக்கை அந்தப் பணமும் இபிஎஃப் பணமும் வந்து சேரும்வரை மூடாதீர்கள்.