‘விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று பகிர்வதற்கு முன்

2025 ஏப்ரலில், ‘வேற்றுக் கோளில் உயிர் இருக்கிறது, கண்டுபிடித்தவர் இந்தியர்’ என்ற செய்தி சிங்கப்பூரில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் வலம் வந்தது. அதில் பாதி உண்மை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வழியாக ஆராய்ந்தது. பூமியில் பெரும்பாலும் கடல் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற பொருளின் தடயம் தெரிவதாகவும் சொன்னது. ‘உயிர் இருக்கிறது’ என்று அந்தக் குழு சொல்லவே இல்லை. சான்று மூன்று சிக்மா அளவில் இருக்கிறது, கண்டுபிடிப்பு என்று ஏற்கத் தேவையான ஐந்து சிக்மாவை எட்ட இன்னும் 16 முதல் 24 மணி நேரம் தொலைநோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவர்களே தெரிவித்தார்கள். மூன்று சிக்மா என்றால், எதுவுமே இல்லாமல் தற்செயலாக இப்படித் தெரிய சுமார் 0.3% வாய்ப்பு உண்டு. ஐந்து சிக்மாவில் அது 0.00006%. சில வாரங்களில் அதே தரவை அலசிய வேறு குழுக்கள், அவ்வளவு உறுதியான தடயம் தெரியவில்லை என்றன. இதே பொருள் ஒரு வால்நட்சத்திரத்திலும் இருப்பது 2024இலேயே தெரியவந்திருந்தது. அதாவது உயிர் இல்லாத இடத்திலும் அது உருவாகக்கூடும்.

நம்மில் ஒருவர் பெயர் அடிபட்டால் பெருமைப்படுவது இயல்பு. ஆனால் அந்த விஞ்ஞானி அளந்து சொன்னதைவிட நாம் கூட்டிச் சொன்னால், பிறகு மறுப்பு வரும்போது கெடுவது அவர் பெயர்தான். ஓர் ஆய்வு முடிவு வெளியாகும் நாளில்தான் அதைப் பற்றிய வாதம் தொடங்குகிறது. முதல் நாள் செய்தியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் நாம் செய்யும் தவறுகளில் பெரியது. 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து வந்த ‘எல்கே-99’ கதையும் இதுதான். சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் என்றார்கள். சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே கட்டுரையை இணையத்தில் ஏற்றினார்கள். ஆகஸ்டு நடுப்பகுதிக்குள், அதில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடு என்ற மாசுதான் அந்தத் தோற்றத்தைத் தந்தது என்று பல ஆய்வகங்கள் காட்டிவிட்டன.

அடுத்த தவறு நம் புளோக்கிலேயே நடப்பது. ‘முன்பு அதிகம் இருந்தது, இதைச் செய்தோம், குறைந்துவிட்டது, ஆகவே இதனால்தான் குறைந்தது.’ சிங்கப்பூரின் டெங்கி எண்ணிக்கையைப் பாருங்கள். 2020இல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. 2021இல் சுமார் 5,000. 2022இல் மறுபடியும் 32,000ஐத் தாண்டியது. 2021 ஜனவரியில் யாராவது வீடு வீடாக வேப்பிலைப் புகை போட்டிருந்தால், ‘ஒரே ஆண்டில் ஏழில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டோம்’ என்று மார்தட்டியிருக்கலாம். எண்களும் அதற்குச் சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் டெங்கி தானாகவே ஏறி இறங்கும் நோய். எந்த வகைக் கிருமி பரவுகிறது, அதற்கு எத்தனை பேரிடம் எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்பதைப் பொறுத்து அலை எழும், அடங்கும்.

தேசிய சுற்றுப்புற வாரியத்தின் வோல்பாக்கியா திட்டம் இந்தப் பள்ளத்தில் விழாமல் எப்படி நடக்கிறது என்பதைக் கவனிப்பது நல்ல பாடம். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைத் தாங்கிய ஆண் கொசுக்களை வெளியில் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. அதோடு இணையும் நகர்ப்புறப் பெண் கொசுவின் முட்டைகள் பொரிக்காது. 2016இல் சிறிய அளவில் தொடங்கினார்கள். தெம்பனிஸ், ஈசூன் போன்ற இடங்களில் கொசுக்களை விட்டபோது, விடாத பகுதிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2022இல் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தப் பகுதியில் விடுவது, எதில் விடாமல் இருப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் சோதனையைத் தொடங்கினார்கள். அலை எழுந்தால் இரண்டு பக்கமும் எழும். கொசு விட்டதால் வந்த வேறுபாடு மட்டும் தனியாகத் தெரியும்.

வீவக அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களில் கறுப்பு நிறத்தில் சிறிய வாளி போன்ற பொறிகளைப் பார்த்திருப்பீர்கள். அடியில் தண்ணீர், உள்சுவரில் பசை. முட்டையிட வரும் பெண் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை எண்ணுகிறார்கள். ‘கொசு விட ஆரம்பித்த பிறகு வீட்டில் கொசு அதிகமாகிவிட்டது’ என்று சிலர் சொல்வதும் பொய்யில்லை. கண்ணில் படுபவற்றில் பல, விடப்பட்ட ஆண் கொசுக்கள். நம் கண் ஆண், பெண் பிரித்து எண்ணாது, பொறி எண்ணும்.

மூன்றாவது, என் மனதுக்கு மிக நெருக்கமானது: ஆய்வு யாரை வைத்து நடந்தது என்று கேட்காமல் விடுவது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின் என்ற மருந்து, வெகு சிலருக்குத் தோல் கொப்பளித்து உரியும் அளவுக்குக் கொடிய ஒவ்வாமையைத் தருகிறது. 2004இல் தைவான் ஆய்வாளர்கள், அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை இருப்பதைக் கண்டார்கள். மருந்தைத் தாங்கிக்கொண்டவர்களில் 3% பேரிடம் மட்டுமே அது இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இந்த வகை மிக அரிது. அவர்களை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால் இந்தத் தொடர்பு கண்ணில் பட்டிருக்காது. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்வது வழக்கமான நடைமுறையாகிவிட்டது.

உடல் எடைக் குறியீட்டிலும் (பிஎம்ஐ) இதே கதை. மேற்கத்திய அட்டவணையில் 24 என்றால் கவலையில்லை. ஆசியர்களுக்கு 23இலிருந்தே நீரிழிவு, இதய நோய் அபாயம் கூடுகிறது என்பதால் இங்கே எல்லைக்கோடு வேறு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 100,000 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படிக்கும் எஸ்ஜி100கே திட்டம் இந்த இடைவெளியை நிரப்பத்தான். ‘இந்த மாத்திரை வேலை செய்யாதாம், புதிய ஆய்வு சொல்கிறது’ என்று யாராவது அனுப்பினால், நிறுத்திவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை போகும்போது அதைக் காட்டி, ‘இதில் என்னைப் போன்றவர்கள் இருந்தார்களா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சதவீதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18% கூடும் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்னது. 100 பேரில் 5 பேருக்கு வரும் நோயென்றால், 18% கூடினால் ஏறக்குறைய 6 பேர். 100இல் 18 பேர் அல்ல. அந்த அமைப்பின் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் புகையிலை இருக்கும் அதே பிரிவில் இந்த இறைச்சியும் இருக்கிறதே என்றால், அந்தப் பட்டியல் சொல்வது சான்றின் உறுதியை. ஆபத்தின் அளவை அது சொல்வதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரு கட்டுரை பொய்த்துப் போனால், ‘எல்லாமே ஏமாற்று’ என்று கையைக் கழுவுவது. ஆல்சைமர் நோய் பற்றி 2006இல் வந்த புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அது ஒரு குறிப்பிட்ட புரத வடிவத்தைப் பற்றியது. அந்த நோய் ஆராய்ச்சி முழுவதும் அதன்மேல் நிற்கவில்லை. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, 36% மட்டுமே மறுபடி தெளிவான முடிவைத் தந்தன. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் உளவியலாளர்களே. அதன் பிறகு, என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஆய்வைத் தொடங்கும் வழக்கம் பரவியது.

ஆர்செனிக்கைக் கொண்டு வாழும் நுண்ணுயிரி என்று 2010இல் வந்த கட்டுரை 2025 ஜூலையில்தான் திரும்பப் பெறப்பட்டது. மோசடி எதுவுமில்லை, முடிவு தவறு என்பதே காரணம். எழுதியவர்கள் எதிர்த்தார்கள். 2012இலேயே இரண்டு ஆய்வுகள் அதை மறுத்துவிட்ட நிலையில், வாதமும் மறுப்பும் அருகருகே இருந்தாலே போதாதா என்ற அவர்கள் தரப்பில் எனக்கும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது.

ஆனால் சில கட்டுரைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. தட்டம்மை உள்ளிட்ட நோய்களைத் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற அச்சத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது, 2010இல் திரும்பப் பெறப்பட்டது. தட்டம்மைத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயமான இந்த ஊரிலும், இளம் பெற்றோருக்கு அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கட்டுரையின் பக்கம் அதை வெளியிட்ட ‘தி லான்செட்’ ஆய்விதழின் தளத்தில் இப்போதும் இருக்கிறது, ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு. யாராவது அனுப்பினால், அந்தப் பக்கத்தைத் திறந்து படமெடுத்து அவருக்கே பதிலாக அனுப்புங்கள்.